குத்தகையா, வாரமா?

ஆடிக் காற்றிலே அம்மியும் பறக்கும் என்பார்கள். பல்லடத்துக்கும் உடுமலைக்கும் இடையே போய் நின்று பார்த்தவர்கள் அதை வெறும் பழமொழி என்று சொல்லமாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்து வருகிற காற்று தென்னையை வளைக்கும். தோளில் கிடக்கும் துண்டைப் பிடுங்கும். சைக்கிளில் போகிறவரைப் பின்னுக்குத் தள்ளும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் காற்றாலைகள், வானத்தைத் துழாவும் வெள்ளைக் கைகளைப் போல! ஆனால் அதே காற்றிலே, சில நாட்களில், ஒரு விந்தையையும் காணலாம். காற்று அடிக்கும், காற்றாலை நிற்கும்!

பழுதா? இல்லை. பராமரிப்பா? அதுவும் இல்லை. "இப்போது மின்சாரம் வேண்டாம், நிறுத்திவை" என்று உத்தரவு. சுழல வேண்டியது சுழலாமல் நின்ற அந்த மணி நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது? நிறுத்தச் சொன்ன மின்வாரியமா? காற்றாலை போட்ட முதலாளியா? அல்லது இந்த இருவருடைய பேச்சுவார்த்தையிலும் கலந்துகொள்ளாத, சோமனூர்ச் சந்திலே நாலு தறி ஓட்டிப் பிழைக்கிற ஏழை நெசவாளியா?

கேள்வி சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால், தனியார் உற்பத்தி செய்கிற மின்சாரத்தைப் பொதுத்துறை மின்வாரியம் விலைக்கு வாங்கும் அந்த ஏற்பாடு முழுவதுமே இந்த ஒரு கேள்வியின்மீதுதான் நிற்கிறது. "யூனிட் என்ன விலை?" என்று கேட்கப் பழகியிருக்கிறோம். "கெடுதல் வந்தால் யார் தலையில்?" என்று கேட்க இன்னும் பழகவில்லை. அந்தப் பழக்கம் இல்லாததால் இந்த நாடு கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

ஒப்பந்தம் என்றால் ஏதோ சட்டம் படித்தவர்களுக்கும் கணக்குப் படித்தவர்களுக்கும் மட்டுமே புரியும் மாயமந்திரம் என்று மலைத்துவிட வேண்டாம். கொங்கு நாட்டு உழவருக்கு அது தெரியாத சரக்கே அல்ல. காடு தோட்டத்தை இன்னொருவர் உழுது பயிரிட விடுவதற்கு இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று வாரம், மற்றொன்று குத்தகை. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. மழை பெய்தால் இருவருக்கும் லாபம், பொய்த்தால் இருவருக்கும் நட்டம். குத்தகை அப்படியல்ல.

"ஏனுங்க பண்ணாடி, மழை பேயாமப் போச்சுன்னா?"

"பேஞ்சாலும் அதே குத்தகைதான், பேயாட்டியும் அதே குத்தகைதானப்பா. பேசினது பேசினதுதான்."

அவ்வளவுதான்! மின்சார ஒப்பந்தத்தில் நிலைக் கட்டணம் என்று எழுதியிருக்கிறதே, அது இந்தக் குத்தகைதான். நிலையம் ஓடத் தயாராக நிற்கிறதா? பணத்தை வை. மின்சாரத்தை எடுத்தாயா, எடுக்கவில்லையா என்பது உன் பாடு.

விசைத்தறிக்காரருக்கோ மற்றொரு பாடமும் தெரியும். கூலித்தறி ஓட்டுகிறவருக்குப் பாவு நூலையும் ஊடை நூலையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுத்துவிடுகிறார். தறியும் உழைப்பும் நெசவாளியுடையது. மீட்டருக்கு இவ்வளவு கூலி. நூல் விலை ஏறினால் அந்த நட்டம் நூல் கொடுத்தவரைச் சேரும். மின்சார ஒப்பந்தத்தின் மறுபாதி இதுதான். எரிபொருளுக்கு என்ன செலவோ, அதை அப்படியே வாங்குகிறவர் கொடுத்துவிட வேண்டும். எண்ணெய் விலை ஏறினாலும், ரூபாயின் மதிப்பு இறங்கினாலும், நிலையத்துக்காரருக்கு வருத்தமில்லை.

ஒரு கையில் குத்தகை, மறு கையில் கூலித்தறி! இரண்டிலும் பாதுகாப்பான பக்கம் எதுவோ, அது விற்கிறவர் பக்கம். இரண்டிலும் இடி விழும் பக்கம் எதுவோ, அது வாங்குகிறவர் பக்கம். 1991க்குப் பிறகு இந்நாட்டில் எழுதப்பட்ட முதல் ஒப்பந்தங்களின் சாரம் இதுவே.

இதைச் சொல்லும்போது, அதற்கு முன் எப்படி இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நீலகிரியில் பைக்காரா அருவியின் நீரை மடக்கி 1932ல் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான், நீராவியை நம்பியிருந்த கோவையில் ஆலைமேல் ஆலையாக எழுந்தது; வானம் பார்த்த பூமியில் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏறியது. அது அரசினர் மின்சாரம். 1957 ஜூலை முதல் நாள் மின்வாரியம் பிறந்த பிறகும், உற்பத்தி செய்வதும் விற்பதும் ஒரே வீட்டுக்குள் நடந்தன. மழை பொய்த்தால் மின்வெட்டு வரும், மனக்கசப்பு வரும். ஆனால் "நிலையம் நிற்கிறது, இருந்தாலும் குத்தகையைக் கொடு" என்று கதவைத் தட்ட யாரும் இல்லை.

1991ல் சட்டத்தைத் திருத்தி, தனியார் வரலாம் என்று டில்லி கதவைத் திறந்தது. 1992 மார்ச்சில் வந்த அறிவிக்கை, போட்ட மூலதனத்துக்கு 16 விழுக்காடு ஆதாயம் உண்டு என்றது. அதுவும் எப்போது? முழுத் திறனில் ஓடினால் அல்ல, 68.5 விழுக்காடு ஓடினாலே போதும். அதற்கு மேல் ஓடினால் ஊக்கத்தொகை தனி. ஓட்டப் பந்தயத்தில் முக்கால் வழி ஓடினால் முதற்பரிசு, முழுதும் ஓடினால் முதற்பரிசோடு மாலையும் உண்டு என்றால், ஓட யாருக்குத்தான் ஆசை வராது?

வந்தவர்களிலே பெரியவர் என்ரான். மராட்டியத்தின் கடற்கரையில் தாபோல் என்ற ஊர். 1993 டிசம்பரில் அந்த மாநில மின்வாரியம் கையெழுத்திட்டது. எரிபொருள் விலை வாங்குகிறவர் தலையில். டாலர் விலை வாங்குகிறவர் தலையில். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம். வாரியம் தராவிட்டால் மாநில அரசு தரும் என்று உத்தரவாதம். அதுவும் தராவிட்டால் மத்திய அரசு தரும் என்று எதிர் உத்தரவாதம். இப்படிக் கட்டின் மேல் கட்டு!

நடந்தது என்ன? 1993ல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 31 ரூபாய். 2001ல் 47 ரூபாய். திரவ எரிவாயு வரும் வரையில் நாப்தாவை எரித்தார்கள்; நாப்தாவின் விலையோ ஏறிற்று. 1999ல் 740 மெகாவாட் ஓடத் தொடங்கியது. விலை அதிகம் என்று வாரியம் குறைவாக எடுத்தது. குறைவாக எடுத்ததால், அதே நிலைக் கட்டணம் எஞ்சிய யூனிட்டுகளின் தலையில் ஏறி விலை இன்னும் அதிகமாயிற்று. யூனிட் 7 ரூபாயையும் தாண்டியது. 2001 மே மாதத்தில் நிலையம் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் என்ரானே திவாலாயிற்று. மின்சாரமும் இல்லை, கம்பெனியும் இல்லை, கடன் மட்டும் இருந்தது!

அந்தக் கூத்து மராட்டியத்தில் நடந்தது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? நம் வீட்டுக் கதையையும் பார்ப்போம். 1999ல் சென்னை பேசின் பிரிட்ஜில் 196 மெகாவாட். 2001ல் கொங்கின் வடகோடியை ஒட்டிய சாமல்பட்டியில் 105, மதுரைக்கருகே சமயநல்லூரில் 106, நாகை வட்டாரத்தில் பிள்ளைப்பெருமாநல்லூரில் 330. 2002ல் நெய்வேலியில் 250. இந்த ஐந்து தனியார் நிலையங்களின் ஒப்பந்தங்களும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை: நிலைக் கட்டணம் ஒன்று, எரிபொருள் செலவு ஒன்று.

ஆனால் எரிந்த பொருள் ஒன்றல்ல. நெய்வேலி நிலையம் பக்கத்துச் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியை எரித்தது. முதல் மூன்றும் எரித்தது எண்ணெய். பிள்ளைப்பெருமாநல்லூருக்கு நாப்தாவும் இயற்கை எரிவாயுவும். 2008 ஜூலையில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டதே, அந்த நாளில் யாருடைய வயிறு எரிந்திருக்கும்? நிலையத்துக்காரருடையதா? அவருக்குத்தான் நூல் பிறர் கொடுப்பது ஆயிற்றே! ஓட்டினால் எரிபொருள் விலை கொல்லும், நிறுத்தினால் குத்தகை கொல்லும் என்று விழித்தது வாரியம். ஒரே வகை ஒப்பந்தம், எரிபொருள் உள்ளூர்ச் சரக்காக இருந்த இடத்தில் தாங்கக்கூடியதாக இருந்தது. கடல் கடந்த சந்தையை நம்பிய இடத்தில் கழுத்தை நெரித்தது. கையெழுத்திடும் முன் கேட்கவேண்டிய கேள்வி இதல்லவா?

கேட்பதற்கு ஆள் இருந்தார்களா? மின்சார விலையைச் சீர்தூக்கிப் பார்க்கும் ஒழுங்குமுறை ஆணையம் தமிழ்நாட்டில் அமைந்தது 1999ல். பிள்ளைப்பெருமாநல்லூர் ஒப்பந்தம் கையெழுத்தானது 1997 ஜனவரியில். தோட்டத்தை விற்றுவிட்டுக் காவல்காரனைத் தேடிய கதை! பிறகு வழக்கு வந்தது. பில் தொகையில் வாரியம் பிடித்தம் செய்தது சரியா என்ற சச்சரவு ஆணையத்துக்குப் போய், தீர்ப்பாயத்துக்குப் போய், உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2014 ஏப்ரலில் வாரியத்தின் மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. ஒப்பந்தத்தில் தோற்றதை வழக்கில் வெல்ல முடியாது என்பதே அந்தத் தீர்ப்பு தரும் படிப்பினை.

"அப்படியானால் தனியாரிடம் வாங்காமலே இருந்துவிடலாமே!" என்று சொல்லத் தோன்றும். அந்தச் சோதனையையும் கோவை பார்த்துவிட்டது. 2008ல் தொடங்கி மின்பற்றாக்குறை முற்றி, 2012ல் கோவையிலும் திருப்பூரிலும் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லாத நாட்கள் வந்தன. பவுண்டரியில் உருகிய இரும்பு உறைந்தது. பம்ப் செட்டு செய்கிற லேத்துப் பட்டறையில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரேட்டர் வைக்க வசதி உள்ளவர் டீசலை ஊற்றினார். வசதி இல்லாதவர் பட்டறையைப் பூட்டினார். வாங்கிய மின்சாரம் எவ்வளவு விலையானாலும், வாங்காத மின்சாரத்தைவிட மலிவு என்பதை அந்த இருட்டு நமக்குக் கற்பித்தது.

அவசரத்தில் கடைக்குப் போகிறவன் பேரம் பேசுவதில்லை. 2013ல் 15 ஆண்டுகளுக்கு 3,330 மெகாவாட், யூனிட் 4 ரூபாய் 91 காசு என்று நீண்டகால ஒப்பந்தங்கள் போடப்பட்டன. டெண்டர் கேட்டுப் போட்டார்கள்; அது முன்னேற்றம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி வடக்கே, நிலக்கரி கிடைக்கும் மாநிலங்களில் உற்பத்தியாகிற மின்சாரம். அதைக் கொண்டுவரக் கம்பி வேண்டாமா? தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒன்றாக இணைந்ததே 2013 டிசம்பர் 31ல்தான். ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்கிவிட்டு, ஊருக்குக் கொண்டுவர வண்டி இல்லையே என்று தவித்த கதை! எனவே பட்டியலில் மற்றொரு ஆபத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வாங்கிய மின்சாரம் வந்து சேருமா என்பது.

இன்னும் ஒன்று உண்டு. அது காலம். 2015ல் சூரிய மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு 25 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. கமுதியில் 648 மெகாவாட் அந்த விலையில் எழுந்தது. இரண்டே ஆண்டு கழித்து, 2017ல் டெண்டர் விட்டபோது அதே சூரியன், அதே தமிழ்நாடு, விலை 3 ரூபாய் 47 காசு! அதே ஆண்டில் காற்று மின்சாரம் 3 ரூபாய் 42 காசுக்கு வந்தது. தகட்டின் விலை உலகெங்கும் சரிந்துகொண்டிருந்த காலம் அது. விலை சரிகிற பொருளை ஒரேயடியாகக் கால் நூற்றாண்டுக்குக் கொள்முதல் செய்வது, பருத்தி விலை இறங்கும் மாதத்தில் மூன்று ஆண்டுக்கு வேண்டிய பேலை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் அடுக்குவதற்குச் சமம். திருப்பூரில் எந்த ஆலை முதலாளியாவது அப்படிச் செய்வாரா? கொஞ்சம் இன்று வாங்குவார், கொஞ்சம் அடுத்த மாதம் வாங்குவார். அந்தச் சாமர்த்தியம் சொந்தப் பணத்துக்கு மட்டும்தான் வேண்டுமா? ஊர்ப் பணத்துக்கு வேண்டாமா?

இந்த மயக்கம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1978ல் வந்த ஒரு சட்டம், தனி உற்பத்தியாளரிடம் மின்கம்பெனிகள் கட்டாயம் வாங்க வேண்டும் என்றது. எண்ணெய் விலை என்றென்றும் ஏறிக்கொண்டே போகும் என்று எண்ணிய காலம். நியூயார்க் மாநிலம் யூனிட்டுக்கு 6 சென்ட்டுக்குக் குறையக்கூடாது என்று விலைக்குத் தரை போட்டது. எண்ணெய் விலை பிறகு விழுந்தது; தரை மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் நயாகரா மொஹாக் என்ற மின்கம்பெனி 1998ல் பல நூறு கோடி டாலரைக் கொட்டித்தான் அந்தப் பழைய ஒப்பந்தங்களிலிருந்து மீண்டது. நாளைய விலை எனக்குத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தவன் எந்தச் சீமையிலும் தப்பியதில்லை.

இதுவரை விற்கிறவர் பக்கத்துச் சாமர்த்தியத்தைப் பேசினோம். நியாயத்தை நிறுக்கிற தராசுக்கு இரண்டு தட்டு உண்டு. மற்றத் தட்டையும் பார்ப்போம்.

கொங்கு நாட்டில் காற்றாலை போட்டவர்கள் எல்லோரும் என்ரான்கள் அல்ல. மின்வெட்டுக்கு அஞ்சி, தன் ஆலைக்குத் தானே மின்சாரம் என்று கடன் வாங்கி நட்ட நூற்பாலைக்காரர்கள் பலர். ஆனியிலும் ஆடியிலும் அளவுக்கு மேல் கிடைப்பதை வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' ஏற்பாடு அவர்களால்தான் பெயர் பெற்றது. தேவைக்கு மிஞ்சியதை வாரியத்துக்கே விற்றார்கள். ஆணையம் விலை குறித்தது: 2006ல் 2 ரூபாய் 90 காசு, 2009ல் 3 ரூபாய் 39 காசு, 2012ல் 3 ரூபாய் 51 காசு. எண்ணெய் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இது தானத்துக்குச் சமமான விலை. எரிபொருள் ஆபத்து இல்லை, டாலர் ஆபத்து இல்லை. காற்று அடித்தால் காசு, அடிக்காவிட்டால் இல்லை. இதைவிட நல்ல வாரம் வேறு உண்டா?

அவர்களுக்கு வாரியம் செய்தது என்ன? விற்ற மின்சாரத்துக்கான பணத்தை மாதக்கணக்கில், சில காலங்களில் ஓராண்டுக்கு மேலும் தாமதித்தது. எண்ணெய் நிலையத்துக்குச் சட்டமும் உத்தரவாதமும் துணை. பணம் கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். சின்ன காற்றாலைக்காரருக்கு என்ன துணை? வரிசையில் கடைசி இடம்தான். சூரிய மின்சாரக்காரர்களுக்கும் இடையிடையே நிறுத்திவை என்ற உத்தரவு. அவர்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சென்றார்கள். கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்தியிருந்தால், ஒப்பந்த விலையில் 75 விழுக்காடும் அதற்கு 9 விழுக்காடு வட்டியும் கொடு என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பாயம் கூறிற்று. தொடக்கத்தில் கேட்டோமே, நின்ற நேரத்துக்குக் கூலி யார் தருவது என்று. அதற்கு நடுவர்கள் தந்த விடை இது. நிறுத்தச் சொன்னவர்தான் தரவேண்டும்!

பணம் தாமதிப்பது மிச்சம் பிடிப்பது அல்ல, கந்துவட்டிக்கு வாங்குவது. பணம் எப்போது வருமோ என்று அஞ்சுகிற வியாபாரி, அடுத்த டெண்டரில் அந்த அச்சத்துக்கும் சேர்த்து விலை எழுதுகிறார். கடன் சொல்லி வாங்குகிறவருக்கு மளிகைக் கடையில் என்ன விலை, ரொக்கம் கொடுக்கிறவருக்கு என்ன விலை என்பது ஒவ்வொரு தாய்மாருக்கும் தெரியும். டில்லி இதைப் பார்த்துவிட்டுத்தான், 2019 ஆகஸ்டு முதல் வங்கி உறுதிக் கடிதம் இல்லாமல் மின்சாரம் கிடையாது என்றது. 2022ல் தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்தது. அதே 2022 ஆகஸ்டில், பாக்கி வைத்ததற்காக மின்சாரச் சந்தையில் வாங்கத் தடை செய்யப்பட்ட 13 மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. தலைகுனிய வேண்டிய செய்தியல்லவா அது?

அப்படியானால் எல்லா ஆபத்தையும் விற்கிறவர் தலையிலேயே கட்டிவிடலாமா? அதையும் பார்த்துவிட்டது இந்நாடு. குஜராத்தில் முந்த்ராவில் 4,000 மெகாவாட் நிலையம். யூனிட் 2 ரூபாய் 26 காசுக்குத் தருவதாகப் போட்டியில் வென்றார்கள். எரிபொருள் இந்தோனேசிய நிலக்கரி; அதன் விலை ஏறினால் பெரும்பாலும் விற்கிறவர் பாடு. அந்நாடு 2010ல் விதியை மாற்றி, நிலக்கரியைச் சந்தை விலைக்குத்தான் விற்க வேண்டும் என்றது. விலை தாவிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அயல்நாட்டு விலையேற்றம் ஒப்பந்தத்திலிருந்து விடுதலை தராது என்று 2017 ஏப்ரலில் தீர்ப்பு. வாங்கியவர்களுக்கு வெற்றிதான்! ஆனால், கட்டுபடியாகவில்லை என்று 2021ல் நிலையத்தையே நிறுத்திவிட்டார்கள். தாளில் 2 ரூபாய் 26 காசு, கம்பியில் ஒன்றுமில்லை. சுமக்க முடியாதவன் தலையில் மூட்டையை ஏற்றினால், மூட்டையும் விழும், ஆளும் விழுவான்.

ஆட்சி மாறியதும் ஒப்பந்தத்தைக் கிழித்தெறியலாமா? ஆந்திரத்தில் 2019ல் காற்று, சூரிய ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கப் புறப்பட்டார்கள். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம், பேசிய விலையைக் கொடு என்றது. ஒப்பந்தத்தில் செய்யவேண்டிய பேரத்தை, ஒப்பந்தத்துக்குப் பின்னால் அதிகாரத்தால் செய்ய முடியாது.

எனவே வழி என்ன? எல்லாம் வாங்குகிறவர் தலையில் என்பது தாபோல். எல்லாம் விற்கிறவர் தலையில் என்பது முந்த்ரா. இரண்டும் குழி. எந்த ஆபத்தை யாரால் தடுக்க முடியுமோ, அந்த ஆபத்து அவர் தலையில் என்பதே நடுவழி.

நிலையத்தைக் குறித்த நாளில் கட்டி முடிப்பது கட்டுகிறவர் கையில் உள்ளது. தாமதித்தால் அபராதம், அதற்கு முன்கூட்டியே வங்கி உத்தரவாதம். எந்திரத்தைத் திறமையாக ஓட்டுவது அவர் கையில். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு எரிபொருள்தான் என்று அளவு வைத்து, மிஞ்சினால் அவர் நட்டம். எரிபொருளின் உலக விலை இருவர் கையிலும் இல்லை. அதிலே ஒரு பகுதி அவருக்கு, ஒரு பகுதி நமக்கு, அதற்கும் ஓர் உச்சவரம்பு. கம்பி போடுவது அரசின் நிறுவனங்கள் கையில். அது தயாராகும் நாளைப் பார்த்துத்தான் குத்தகை தொடங்கும் நாளைக் குறிக்க வேண்டும். தேவை எவ்வளவு என்று கணிப்பது வாரியத்தின் கடமை. கணக்குத் தப்பினால் வாரியம் ஏற்க வேண்டும். பணத்தை நாள் தவறாமல் கொடுப்பதும் வாரியத்தின் கடமை. அதை வேறு எவர் தலையிலும் கட்ட முடியாது.

இன்னொன்று. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று கோழி வளர்க்கும் நாமக்கல்லுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றில் கொஞ்சம், கதிரவனில் கொஞ்சம், நிலக்கரியில் கொஞ்சம், நீரில் கொஞ்சம். 25 ஆண்டு ஒப்பந்தம் சில, 5 ஆண்டு ஒப்பந்தம் சில, அன்றாடச் சந்தையில் சிறிது. ஒரே ஆண்டில் மொத்தக் கொள்முதல் அல்ல, ஆண்டுதோறும் அளவான கொள்முதல். ஒன்று இடறினால் ஒன்று தாங்கும்.

இவை அனைத்துக்கும் மேலான பாதுகாப்பு, வெளிச்சம். மின்சாரம் வாங்கும் ஒப்பந்தத்தையாவது இருட்டில் எழுதாமல் இருக்கலாம் அல்லவா? கையெழுத்து விழும் முன், "மழை பொய்த்தால் யார், எண்ணெய் ஏறினால் யார், கம்பி வராவிட்டால் யார், எடுக்காவிட்டால் எவ்வளவு" என்று ஒரே பக்கத்தில், நல்ல தமிழில் எழுதி ஊரார் முன் வைக்கட்டும். ஆணையத்தின் பொது விசாரணையில் ஆலைக்காரரும் பேசட்டும், தறிக்காரரும் பேசட்டும், தோட்டக்காரரும் பேசட்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். மின்வாரியத்தின் கடன் ஏறி, 2017 ஜனவரியில் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றது. அதற்குப் பிறகும், 2022ல் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. தனியாரிடம் வாங்கியது மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டோம். ஆனால் அதுவும் ஒரு பெருங்காரணம். அந்த ஆண்டு செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது. 2023 செப்டம்பர் 25ல், நிலைக் கட்டணத்தைத் தாங்க முடியவில்லை என்று கோவையிலும் திருப்பூரிலும் சிறுதொழில் பட்டறைகள் கதவடைத்தன. ஆர்டர் இல்லாமல் லேத்து நிற்கிறது, அப்போதும் நிலைக் கட்டணமா என்று அவர்கள் கேட்டார்கள். குத்தகை என்று தொடக்கத்தில் சொன்னோமே, அது நிலையத்தில் தொடங்கி, வாரியத்தின் வழியாக நடந்து, நாலு தறிக்காரரின் வாசலில் வந்து நிற்கிறது! 2024ல் வாரியத்தின் வாரிசான கழகத்தை விநியோகத்துக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை மாறலாம். வந்து நிற்கும் குத்தகை மாறிவிடாது.

கொங்கு நாடு மின்சாரத்தின் விலையை அறியாத நாடல்ல. 1970ல், பம்ப் செட்டு மின்சாரத்துக்கு யூனிட் 8 பைசாவாக இருந்ததை 10 பைசா ஆக்கினார்கள். இரண்டு பைசா! அந்த இரண்டு பைசாவை எதிர்த்து உழவர்கள் திரண்டபோது, பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று உயிர்கள் பலியாயின. 1972ல் கோவை வீதிகளை மாட்டுவண்டிகள் நிறைத்தன. இரண்டு பைசாவுக்கு உயிர் கொடுத்த மண்ணில், இரண்டு ரூபாயும் மூன்று ரூபாயும் ஒப்பந்தத் தாளின் இடுக்குகளில் ஓசையில்லாமல் ஓடிப்போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

வருகிற ஆண்டுகளில் ஒப்பந்தங்கள் இன்னும் பல வரும். காற்றுக்கு வரும், கதிரவனுக்கு வரும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரிக்கும் வரும். வரட்டும், வரவேற்போம், மின்சாரம் இல்லாத இருட்டை நாம் பட்டது போதும். ஆனால் எந்தக் கொடி பறக்கும் காலத்தில் எந்தக் கை கையெழுத்திட்டாலும், விலை என்ன என்று கேட்டுவிட்டு வீடு திரும்பிவிடாதீர்கள். ஆடிக் காற்றில் காற்றாலை நின்றால் கூலி யாருடையது என்றும் கேளுங்கள். குத்தகையா, வாரமா என்று கேளுங்கள். பதில் வரும் வரையில் கேளுங்கள்!